தீராத நோய்க்கும் மருத்துவம் உண்டு

மருத்துவர் என்றால் நோயைத் தீர்ப்பவர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். தீராத நோயாளிக்கு அவர் என்ன செய்வது? "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்ற சொல்லைக் கேளாத குடும்பங்கள் சிலவே. பண்ணைக்காட்டுக்கு என் பெரியப்பாவும் அச்சொல்லோடுதான் மலையேறி வந்தார். காப்பித் தோட்டத்தில் மூட்டை சுமந்த மனிதர். "சாகுறது பெருசில்லப்பா, இந்த வலி நிக்கணும்" என்பார். கடைசிவரை நிற்கவில்லை.

அந்த வலியை நிறுத்துவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறையில் இருந்தபோது, புற்றுநோயுற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு நரம்பில் ஊசியிட்டு வலியைப் போக்கினார். தம் நோய் தீராது என்பதை அன்றுதான் உணர்ந்த அந்த ஆசிரியர், அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். வலி நரம்பில் மட்டும் இல்லை என்பதைத் தமக்குக் கற்பித்த நிகழ்ச்சியாக ராஜகோபால் இதைக் கூறியிருக்கிறார். இலண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் கொள்கையும் அதுவே: உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாவற்றின் துயரும் சேர்ந்ததே முழு வலி.

1993-இல் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் கண்டனர். நாளடைவில் ஊர்மக்களே பயிற்சி பெற்று, நோயாளிகளின் வீடு தேடிச் செல்லலாயினர்.

அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின்தான் இங்கே முதன்மையான மருந்து. பயிற்சி பெற்றவர் அளவறிந்து தந்தால் நோயாளி அதற்கு அடிமையாவது அரிது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால், அதை வாங்க ஒரு மருத்துவமனை பல அலுவலகங்களின் படியேற வேண்டியதாயிற்று. உரிமம் கொடுத்துக் கசகசாப் பயிரிட்டு, அபினை ஏற்றுமதியும் செய்த நாட்டில் இந்த நிலை! ராஜகோபாலும் உடனுழைத்தோரும் விடாது முயன்றதால் 2014-இல் சட்டம் திருந்தி, ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். அந்தத் திருத்தமே பெரிய விருது என்பேன்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிலேயே வலி தணிக்கும் சிகிச்சையும் இடம்பெற்றது. எங்கள் மலைக்கு ஏற்ற வழி இதுவே. வலியால் துடிப்பவரை வளைவுப் பாதையில் வத்தலக்குண்டுக்கு இறக்குவது இன்னொரு வலியன்றோ! சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கொருமுறை தரவேண்டும். செவிலியர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் வீட்டாரே தந்துவிடுவர். ஆனால் பயிற்சி பெற்ற மருத்துவரும் அங்கீகாரமும் உள்ள மருத்துவமனைதான் அதை வழங்கலாம். அப்படிப்பட்டது ஒன்று மலைமேலேயே வேண்டும்.