மோசேயின் கைகளைத் தாங்கியவர்கள்



2015-ல் ஒரே வாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போய் வந்தேன். ஒன்று, எங்கள் தாதியர் சங்கம் நடத்திய தாதியர் தின விருந்து. மற்றொன்று, நம் முதல் பிரதமர் திரு. லீ குவான் இயூவைப் பற்றிய இசை நாடகம். இரண்டுக்கும் என்னோடு நம் வாலிபர் ஐக்கியத்துத் தங்கை ஒருத்தி வந்தாள். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள். மற்றதை எழுத அவளும் அவள் அப்பாவும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் அந்த வருடம் ஓ லெவல் எழுத இருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பா மற்றவர்களிடம், "இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறது, யாரோட மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளவா?" என்றார். பிறகுதான் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். "உன்னைச் சொல்லலம்மா, தப்பா நினைச்சுக்காதே" என்றார். "பரவாயில்லை, அங்கிள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் பரவாயில்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் அவர் மட்டும் இல்லை. சிங்கப்பூர் வந்த புதிதில் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்டால் "ஆஸ்பத்திரியில் வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டவள் நான். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள்தான். இருந்தும் நர்ஸ் என்று சொல்ல நாக்கு தயங்கியது. அங்கிள் வாய்விட்டுச் சொன்னதை நான் பல வருடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சங்க விருந்துக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். அந்தத் தங்கையைக் கேட்டேன். அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

நம் நாட்டில் ஆகஸ்ட் 1 தாதியர் தினம். ஏன் அந்தத் தேதி என்று அன்று மேடையில் சொன்னார்கள். 1885 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் இங்கே பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். இந்நாட்டின் தாதிமை அதிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் கத்தோலிக்கர், நாம் வேறு சபை. ஆனால் வெப்பமும் கொள்ளைநோயும் நிறைந்த ஓர் ஊருக்குக் கடல் கடந்து வந்து, மொழி தெரியாத கூலிகளின் புண்ணைக் கழுவியவர்களுக்கு நாம் எல்லாருமே கடன்பட்டிருக்கிறோம்.

எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற சீனத் தாதி ஒருவர் இருந்தார். 2003-ல் சார்ஸ் வந்தபோது வேலையில் இருந்தவர். அந்த வருடம் இங்கே 238 பேருக்கு நோய் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 5 பேர் மருத்துவமனை ஊழியர்கள். "சீருடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகளைத் தனி அறையில் படுக்க வைத்தேன்" என்றார். பயமாக இல்லையா என்று தங்கை கேட்டாள். "பயம்தான். ஆனாலும் மறுநாள் காலையில் போனேன். அங்கே படுத்திருப்பவருக்கு என்னைவிட அதிக பயம்" என்றார். இதைச் சொல்லிவிட்டு, ஆறிப்போகிறது சாப்பிடுங்கள் என்று எங்கள் தட்டில் மீனை எடுத்து வைத்தார்.

அதே வாரம் மரீனா பே சேண்ட்ஸ் அரங்கில் அந்த நாடகம். என்னோடு வேலை செய்யும் தோழி வர முடியாமல் போனதால் ஒரு டிக்கெட் மீதி இருந்தது. அதில் தங்கை வந்தாள். இசை டிக் லீ. திரு. லீயாக ஏட்ரியன் பாங், அவர் மனைவி குவா கியோக் சூவாக ஷரோன் ஆவ் நடித்தார்கள். 1965 ஆகஸ்ட் 9 வரை கதை போகிறது. மலேசியாவிலிருந்து பிரிந்த அன்று, தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் பேச முடியாமல் அவர் அழுதாரே, அந்த நாள் வரை. நாடு 50 வயதைக் கொண்டாடிய அந்த வருடத்தில், அவர் மறைந்து சில மாதங்களே ஆகியிருக்க, அரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அதிகமாக நின்றது ஒரு ரிக்‌ஷாக்காரர். பெயர் கோ தியோங் கூ. லீ குடும்பத்தாரிடம் வேலை பார்த்தவர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சீன ஆண்களைச் சோதனைக்கு அழைத்தபோது, 18 வயது லீ ஜாலான் புசார் பக்கம் அவருடைய சிறிய அறையில்தான் தங்கினார். சோதனை முடிந்து வெளியேறும்போது லீயை வேறொரு கூட்டத்தோடு நிற்கச் சொன்னார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டதால், என் சாமான்களை எடுத்து வருகிறேன் என்று கேட்டு அவர் அந்த அறைக்கே திரும்பினார். ஒன்றரை நாள் கழித்து மறுபடி போனபோது விட்டுவிட்டார்கள். அப்படிப் பிரித்து நிறுத்தப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பவே இல்லை. ஒரு ரிக்‌ஷாக்காரரின் அறை இல்லாதிருந்தால் நம் சரித்திரம் வேறாக இருந்திருக்கும்.

தலைவரைத் தங்கச் சிலையாக்கி வைக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கூட இருந்து, பிறகு எதிரணிக்குப் போய், 1963-ல் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்ட லிம் சின் சியோங்குக்கும் அந்த மேடையில் இடம் இருந்தது. திரு. லீயும் பிழையற்றவர் அல்லர், தனியாக நின்றவரும் அல்லர். பிரிவினை ஒப்பந்தத்தில், ஜொகூரிலிருந்து வரும் தண்ணீருக்கு உறுதிதரும் பகுதியை எழுதியவர் வழக்கறிஞரான அவர் மனைவிதான். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவே 2008-ல் பக்கவாதத்தால் பேச்சின்றிப் படுக்கையில் விழுந்தார். 2010 அக்டோபரில் மறையும்வரை திரு. லீ ஒவ்வொரு இரவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த கவிதைகளை வாசித்துக் காட்டுவார். அப்படிப் படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வரும். குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டும், சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், மலம் மூத்திரம் எடுக்க வேண்டும். அவர் வாசித்த இரவுகளில் இதையெல்லாம் யாரோ செய்திருக்கிறார்கள்.

2015 மார்ச் 23 அதிகாலை 3.18-க்குத் திரு. லீ காலமானார். அன்று நான் வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். விடியுமுன் செய்தி வந்தது. விழித்திருந்த ஒரு சீன முதியவர், "மிஸ்ஸி, உண்மையா?" என்று கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாரக்கணக்காகச் செயற்கைச் சுவாசத்தில் இருந்த திரு. லீயைப் புரட்டிப் படுக்க வைத்த தாதியர் யார், அன்று வேலை முடிந்து எந்த எம்.ஆர்.டி-யில் வீட்டுக்குப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டே அந்த முதியவரின் படுக்கை விரிப்பை மாற்றினேன். அது நனைந்திருந்தது. பிரதமராக இருந்தவருக்கும் இவருக்கும் தேவைப்பட்ட வேலை ஒன்றுதான்.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தை நீங்கள் ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். அமலேக்கியரோடு யுத்தம். கீழே யோசுவா போரிட, மலையுச்சியில் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேல் மேற்கொள்கிறது, தாழ்ந்தால் அமலேக்கு மேற்கொள்கிறது. எவ்வளவு பெரிய தலைவருக்கும் கை வலிக்கும். ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று பொழுது சாயும்வரை கையைத் தாங்கினார்கள். ஆரோனை எல்லாருக்கும் தெரியும். ஊரைப் பற்றி வேதத்தில் அதிகம் இல்லை. ஆனால் அவர் கையை எடுத்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும்?

நாடகம் முடிந்து பேஃபிரண்ட் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது தங்கை கேட்டாள், "அக்கா, அப்பா சொன்னது பொய்யில்லையே? அதையும் செய்யணும்தானே?"

"செய்யணும். தினமும் செய்யணும். அது மட்டும் இல்லை. யாருக்கு மூச்சு மாறுது, எந்த மருந்தின் அளவு தப்பு, எப்போ டாக்டரை எழுப்பணும், இதையும் நீதான் கண்டுபிடிக்கணும். ஆனா அதைச் செய்ய வெட்கப்படுறவளுக்கு இது வேலை இல்லை. எனக்கே அந்த வெட்கம் போகப் பல வருஷம் ஆச்சு" என்றேன்.

அவளைக் கூட்டிப் போக அங்கிள் புளோக்கின் கீழே காத்திருந்தார். நாடகம் எப்படி என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நைட் ட்யூட்டி மாசத்துல எத்தனை நாள்மா வரும்?"

"எனக்கு ஆறேழு நாள் வரும், அங்கிள்."

"முடிஞ்சு தனியாவா வரணும்?"

"விடிஞ்சப்புறம்தான் முடியும், அங்கிள். எம்.ஆர்.டி ஓட ஆரம்பிச்சிருக்கும்."

தலையை ஆட்டினார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் மகள் இந்த வேலைக்குப் போனால் எப்படி வீடு திரும்புவாள் என்று ஓர் அப்பா யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். எனக்கு அன்று அது போதும்.

உங்களிலும் யாருக்காவது இந்த எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா இருக்கிறது. ஐ.டி.இ. வழியாகவும் வரலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2006 முதல் பட்டப்படிப்பும் இருக்கிறது. பெற்றோருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் ஆராதனை முடிந்ததும் என்னிடம் கேட்கலாம். இம்முறை "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன், நின்று பதில் சொல்வேன்.

 அந்தத் தங்கைக்காகவும், அவள் அப்பா அம்மாவுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.