கேட்டவர்களும் சொன்னவர்களும்

லேக் மார்க்கெட்டிலிருந்து டல்ஹௌஸி செல்லும் பேருந்து பார்க் தெரு முனையில் நின்று புறப்படும். அங்கே, தெருவின் முதலாம் எண்ணில், ஆசியச் சங்கத்தின் கட்டடம் நிற்கிறது. ஊரிலிருந்து வரும் உற்றாரைக் காளி கோயிலுக்கும் ஹௌரா பாலத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். இக்கட்டடத்தைக் காட்டுவார் இல்லை. இரயில்வே எழுத்தராக 11 ஆண்டுகள் அவ்வழியே சென்று வந்த நாமும் சென்ற குளிர்காலம் வரை அதனுள் நுழைந்ததில்லை.

நுழையச் செய்தவள் ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் மகள். “அசோகர் கல்வெட்டைப் படித்தவர் பிரின்செப் என்கிற வெள்ளைக்காரர் என்று டீச்சர் சொன்னார்கள். அதுவரைக்கும் நம்மவர்கள் யாருமே படிக்கவில்லையா அப்பா?” என்றாள். பள்ளியிறுதித் தேர்வோடு நின்றுவிட்ட நமக்கு விடை தெரியவில்லை. தேடப் புகுந்தோம். உலகப் பல்கலைக்கழகங்களில் ஆசியவியல் என இன்று வழங்கும் துறை முழுவதுமே அந்த வினாவின் பின்னால் நிற்பதைக் கண்டோம்.

1783இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தார் வில்லியம் ஜோன்ஸ். மறு ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஐரோப்பியர் 30 பேர் கூடி ஆசியச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். டச்சுக்காரர் 1778லேயே பட்டாவியாவில் இத்தகைய சங்கம் ஒன்றை அமைத்தனர் எனினும், ஆசியா முழுவதையும் ஆராயப் புகுந்தது கல்கத்தாவே.

ஜோன்ஸ் வடமொழி கற்றதன் முதற் காரணம் ஐயம். இந்துக்களின் வழக்குகளை அவர்தம் தரும நூல்களின்படி தீர்க்க வேண்டும். நூலில் உள்ளதை எடுத்துரைப்பவர்களோ பண்டிதர்கள். அவர்கள் சொல்வது மெய்தானா என்று தாமே பார்த்துவிட விரும்பினார். அந்தணர் கற்பிக்க இசையவில்லை. இராமலோசனர் என்னும் வைத்தியர் இசைந்தார். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்தினின்று கிளைத்திருக்க வேண்டும் என்று 1786இல் ஜோன்ஸ் ஆற்றிய உரை அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. இராமலோசனரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

சங்கம் தொடங்கி 45 ஆண்டுகள், அதாவது 1829 வரை, இந்தியர் ஒருவரும் அதில் உறுப்பினராக இல்லை. ஏடு தேடித் தரவும், படித்துப் பொருள் சொல்லவும், படியெடுக்கவும் மட்டும் அவர்கள் இருந்தனர். இது நமக்கு வியப்பாகப் படவில்லை. அலுவலகங்களில் குறிப்பெழுதுபவர் ஒருவர், கையொப்பமிடுபவர் மற்றொருவர் என்பதை நாளும் காண்கிறோமன்றோ!

இனி மகளின் வினாவுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் அசோகத் தூண்கள் இரண்டைத் தில்லிக்குக் கொணர்ந்து நிறுத்தி, எழுத்தைப் படிக்க அந்தணரை அழைத்தார், ஒருவராலும் இயலவில்லை. எழுத்து மறந்து போய்விட்டது. இதை ஒளிப்பதில் பயனில்லை. கல்கத்தா நாணயச் சாலையில் அலுவல் பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். அவை கொடையாளிகளின் வரிகளாயின் ஈற்றுச் சொல் ‘தானம்’ ஆகவேண்டும் என ஊகித்தார். அதைப் பற்றிக்கொண்டு 1837இல் பிராமி எழுத்து முழுவதையும் படித்துவிட்டார். பொருள் காண்பதில் இரத்னபாலர் என்னும் இலங்கைப் பாலி அறிஞர் துணை நின்றார். கல்வெட்டில் வரும் ‘பியதசி’ அசோகரே என்பதை இலங்கையின் பாலி நூல்களிலிருந்து காட்டியவர் அங்கே அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர். அக்கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் சேரரும் பெயர் சொல்லப்படுகின்றனர். ஞாயிறு மாலைகளில் முறுக்குப் பொட்டலத்துடன் நாம் சென்று அமரும் பிரின்செப் துறை அவர் நினைவாகக் கட்டப்பட்டது என்பதையும் இப்போதுதான் அறிந்தோம்.

கல்கத்தா அறிஞர்கள் தவறியதும் உண்டு. தென்மொழிகளும் வடமொழியின் வழி வந்தவையே என்று இங்கிருந்த பெரும் புலமையினர் கருதினர். மறுப்பு சென்னையிலிருந்து வந்தது. 1812இல் அங்கே கம்பெனி அலுவலர்க்குத் தென்மொழி கற்பிக்கும் கல்லூரி அமைந்தது. அதனை உருவாக்கிய எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம் என்பதை 1816இல் சொற்களை அடுக்கிக் காட்டி நிறுவினார். அக்கல்லூரித் தலைமையாசிரியர் பட்டாபிராம சாஸ்திரியாரின் உழைப்பு அதற்கு அடித்தளம். எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் மாண்டார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபின் புகழெல்லாம் அவரைச் சேர்ந்தது. எல்லிஸுக்கும் அவருடைய பண்டிதர்களுக்கும் உரிய இடத்தை அமெரிக்க அறிஞர் தாமஸ் டிரவுட்மன் 2006இல் ஒரு நூல் எழுதித் தேடிக் கொடுத்தார். ஒப்பிட்டவர் சிலர், ஒப்பமிட்டவர் வேறு சிலர். கணக்கு நேராக 190 ஆண்டுகள் ஆயின.

பார்க் தெருவிலும் காலம் மாறிற்று. மருத்துவக் கல்லூரியைப் பட்டம் பெறாமலே விட்டு நீங்கிய இராஜேந்திரலால் மித்ரர் 1846இல் சங்கத்தின் நூலகராகவும் உதவிச் செயலராகவும் பணியிற் சேர்ந்தார். ஏடுகளோடு வாழ்ந்து அறிஞரானார். 1885இல் அச்சங்கத்துக்கே தலைவரானார், இந்தியருள் முதல்வராக. எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் உவப்பானவர் இவரே.

ஐரோப்பாவில் இக்கல்வி நெடுங்காலம் அரசுக்கும் வாணிகத்துக்கும் சமயப் பணிக்கும் ஆள் பயிற்றுவதாகவே இருந்தது. பாரிஸில் 1795இல் கீழை மொழிப் பள்ளியும், இலண்டனில் 1916இல் அத்தகைய மற்றொன்றும் எழுந்தன. பின்னர் அமெரிக்கா முந்திற்று. அங்கே தூரக்கிழக்கின் பொருட்டு 1941இல் தோன்றிய சங்கம் 1956இல் ஆசியவியல் சங்கம் எனப் பெயர் பூண்டு, தெற்காசியாவையும் அணைத்துக்கொண்டது. 1957இல் ரஷ்யா விண்ணில் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கர் கலங்கினர். மறு ஆண்டே சட்டம் இயற்றி அயல்மொழிக் கல்விக்குப் பொருள் வழங்கினர். விண்கோள் பறந்ததற்கும் தமிழ் வகுப்புக்கும் தொடர்பு உண்டென்றால் யார் நம்புவார்!

இதனினும் விந்தையானது கோதுமைக் கதை. நம் பாட்டனார் கிதர்பூர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதியவர். பி.எல். 480 என்னும் சட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமை வந்திறங்கிய நாட்களைச் சொல்லிச் சொல்லிச் சலியார். அக்கோதுமைக்கு இந்தியா ரூபாயாகவே விலை தந்தது. அந்த ரூபாயை இந்நாட்டிலேயே செலவழிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களையும் இதழ்களையும் வாங்கி, சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாயிற்று. கோதுமை இங்கே உணவாயிற்று. தமிழ் நாவல்கள் அங்கே அலமாரிகளில் ஏறின. பாட்டனார் மூட்டைகளை மட்டும் எண்ணினார்; புத்தகங்கள் போனதை அறியார்.

அதே 1962இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் ஓர் இளைஞர் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிச் சென்றார். அவர் ஏ. கே. இராமானுஜன், மைசூரில் பிறந்த தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், தந்தையாருடன் ஆங்கிலம். பழந்தமிழ் அவர் கற்றதில்லை. இலக்கணம் தேடியவர் கையில் உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. தமக்கே உரிய செல்வத்தை அயல்நாட்டுத் தூசியில் கண்டெடுத்த அவர், அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் வெளியிட்டார். இப்பகுதியைப் படித்த இரவு நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

அக்காலத்தேதான் சொன்னவர்கள் தாமே கேட்கவும் தலைப்பட்டனர். 1964 ஜனவரியில் தில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆம் மாநாடு கூடியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. 1873இல் பாரிஸில் தொடங்கிய அந்தப் பழைய மாநாடோ, 1973இல் அதே பாரிஸில் கூடி, ‘கீழ்த்திசையாளர்’ என்னும் பெயரையே துறந்தது. 1978இல் எட்வர்ட் சையித் எழுதிய நூல், கிழக்கைப் பற்றிய மேற்கின் அறிவு ஆட்சியின் கருவியாக இருந்தது என்று வழக்குரைத்தது. வழக்கு மெய்யே, ஆயினும் அந்தக் கேள்விகள் எழாதிருந்தால் அசோகர் கல் இன்றும் ஊமையாகவே நின்றிருக்கும் என்பதும் மெய்யே. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள நாம் கற்று வருகிறோம்.

திரட்டிய செய்திகளை மகளுக்குச் சொன்னோம். பெரோஸ் ஷாவைக் கேட்டுச் சிரித்தாள். இராமலோசனர் என்ன எழுதினார் என்று வினவினாள். பின்னர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அனைத்தையும் வங்க எழுத்தில் எழுதிக்கொண்டாள். தமிழில் பேசினாள், தமிழில் கேட்டாள். எழுத நாம் இன்னும் கற்பிக்கவில்லை.