ஒன்பது டிகிரி வித்தியாசம்

சித்திரை வெயிலில் குச்சனூர் மருந்துக் கடை அலமாரியில் இருக்கும் மாத்திரையும், மார்கழிப் பனியில் அங்கேயே இருக்கும் மாத்திரையும் ஒரே மாதிரி வேலை செய்தாக வேண்டும். வாங்குபவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவருக்காக யாரோ அந்த மருந்தை முன்பே சூடேற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படிப் பார்க்க உதவும் கருவியை ஆய்வகங்களில் டி.எஸ்.சி. என்பார்கள். 1960களில் அமெரிக்காவின் பெர்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சனும் ஓநீலும் உருவாக்கியது. உள்ளே சட்டைப் பொத்தானை விடச் சிறிய இரண்டு அலுமினியக் கிண்ணங்கள். ஒன்றில் சில மில்லிகிராம் மருந்துத் தூள்; மற்றது காலி. இரண்டையும் ஒரே சீராக, பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம், சூடாக்குவார்கள். தூள் உருகத் தொடங்கியதும் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். சூடு மட்டும் ஏறாது. காலிக் கிண்ணத்துக்கு இணையாக அதன் சூட்டையும் ஏற்ற எவ்வளவு வெப்பம் கூடுதலாகத் தேவைப்பட்டது என்பதைக் கருவி கோடாக வரைந்து காட்டும். உருகும் இடத்தில் அந்தக் கோடு சட்டென்று பள்ளமாக இறங்கும்.

ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக அடுக்கப்பட்டு இரண்டு படிகங்களாகலாம். பள்ளம் விழும் இடத்தை வைத்து எது எதுவென்று சொல்லிவிடலாம். இந்தப் படிக வேறுபாடு சென்னையிலேயே ஒரு பெரிய வழக்கின் மையமாக இருந்தது.

ரத்தப் புற்றுநோய்க்கான 'கிளிவெக்' மருந்தின் வேதிப்பெயர் இமாடினிப் மெசிலேட். 1998இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதன் 'பீட்டா' படிகத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அதே மருந்தின் மற்றொரு வடிவமான ஆல்ஃபா படிகம் 226 டிகிரியில் உருகத் தொடங்குகிறது, பீட்டா 217இல். முதலில் உருகுவது பீட்டா. ஆனாலும் நாம் வாழும் வெப்பநிலையில் உறுதியானது அதுதான்! எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. உறுதி என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. சுமார் 140 டிகிரி வரை பீட்டாவின் கை ஓங்கியிருக்கும். அதற்கு மேல் ஆல்ஃபாவின் கை. உருகும் கட்டம் வருவதற்குள் நிலைமை தலைகீழாகியிருக்கும். அறை வெப்பத்தில் ஆல்ஃபா வேறு வடிவத்துக்கு நகரப் பார்க்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாத்திரை தயாரிப்பவருக்கு இரண்டும் தலைவலி.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நன்றாக ஓடும் தூள், கூடுதல் நிலைத்தன்மை, குறைந்த ஈர ஈர்ப்பு என்ற பீட்டாவின் மூன்று குணங்களும் நோயைக் குணமாக்கும் திறனைக் கூட்டவில்லை; எனவே காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைத் தாண்ட முடியாது என்றது தீர்ப்பு. கருவி சொன்னதை நீதிமன்றம் பொய் என்று சொல்லவில்லை. உருகுநிலையையும் நோயாளியின் உயிரையும் ஒரே தராசில் வைக்க மறுத்தது. அது சரி என்றே நினைக்கிறேன். அப்போது கிளிவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது; இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. இந்தத் தீர்ப்பால் அந்த விற்பனைக்குத் தடை வரவில்லை.