கரை நெருங்கும்போது முரண்டு பிடிக்கும் படகு

ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் இடையே காவிரி அகன்று கிடக்கிறது. மேட்டூருக்குக் கீழே மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட கதவணைகளுள் ஒன்று அங்கே நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. இரு கரை மக்களும் விசைப்படகில் போய் வருகிறார்கள். இத்தகைய படகில் செல்லும்போது ஓட்டுபவரின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். நடு ஆற்றில் அவருக்கு வேலையே இல்லை. கரைக்கு இருபது மீட்டர் இருக்கும்போதுதான் கைகள் ஓயாமல் இயங்கத் தொடங்கும். வேகமாக ஓடும்போது சொன்னபடி கேட்ட படகு, மெதுவாகப் போகும்போது முரண்டு பிடிப்பது ஏன்?

விசைப்படகுகளில் சிலவற்றுக்கு எஞ்சின் பின்விளிம்பின் வெளியே தொங்கும். அந்த எஞ்சினையே திருப்பினால் உந்து விசிறியும் உடன் திரும்பி, தள்ளும் திசையையே மாற்றிவிடும். நம் கடற்கரை மீன்பிடி விசைப்படகுகளில் அப்படியில்லை. எஞ்சின் படகின் உள்ளே இருக்கிறது. அதன் தண்டு அடிப்பகுதி வழியாக வெளியே வந்து விசிறியைச் சுழற்றுகிறது. விசிறியின் திசை மாறாதது. திருப்பும் வேலை முழுவதும் அதன் பின்னாலுள்ள சுக்கானுடையது. இவ்வகை உட்பொறிப் படகுகளைப் பற்றியே இங்குக் காண்போம்.

சுக்கான் ஒரு தட்டையான பலகை. அதன்மீது நீர் பாய்ந்தால்தான் அதற்கு விசை உண்டு. அவ்விசை நீரின் வேகத்தின் இருமடிக்கேற்ப மாறும். வேகம் பாதியானால் விசை நான்கில் ஒன்றாகும். வேகம் மூன்றில் ஒன்றானால் விசை ஒன்பதில் ஒன்றாகிவிடும். கியரை விலக்கிவிட்டு மிதந்து வரும் படகில் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பெரிதாகப் பயனில்லாதது இதனால்தான்.

ஆனால் இதற்கு ஓர் உபாயம் உண்டு. கோவைப் பக்கத்தில் பம்புசெட்டை அறியாதவர் இல்லை. பம்பு ஓரிடத்தில் நிற்க, அதன் இம்பெல்லர் நீரை ஓட வைக்கிறது. படகின் விசிறியும் நீரைப் பின்னே தள்ளுகிறது. அதன் எதிர்விசையில் படகு முன்னே நகர்கிறது. தள்ளப்பட்ட தாரை நேரே சுக்கானில் போய் மோதுகிறது. ஆகவே படகு நின்றுகொண்டிருந்தாலும், சுக்கானை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி வைத்து, எஞ்சினை ஓரிரு வினாடி மட்டும் முடுக்கினால் பின்பகுதி பக்கவாட்டில் தள்ளப்படும். கனமான படகு முன்னேறி வேகம் பெறுவதற்குள் முடுக்கத்தை நிறுத்திவிட வேண்டும். ஓட்டுபவர் விட்டு விட்டு எஞ்சினை உறுமவிடுவது வெறும் அவசரத்தினால் அன்று.

காரின் முன்சக்கரங்கள் திரும்ப, பின்பகுதி தொடர்ந்து வரும். படகிலோ திருப்பும் விசை பின்னால் பிறக்கிறது. முன்னோக்கிச் செல்லும் படகு, அணியத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்திலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும். ஆகையால் பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசி அடிக்கும். துறையை ஒட்டி நிற்கும் படகைக் கார் போல ஒடித்து வெளியே எடுக்க முயன்றால், பின்மூலை துறையிலே இடிக்கும். கார் ஓட்டிப் பழகியவர்கள்தாம் இதில் முதலில் ஏமாறுகிறார்கள்!

இனி, பின்னோக்கிய கியருக்கு வருவோம். படகுக்கு பிரேக் கிடையாது. விசிறியை எதிர்த்திசையில் சுழற்றித்தான் நிறுத்த வேண்டும். அப்போது தாரை முன்னோக்கிப் பாய்வதால் சுக்கானுக்குக் கிடைப்பதில்லை. அதோடு இன்னொரு வேடிக்கையும் நிகழ்கிறது. பின்னாலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையில் சுழன்று படகை முன்னே தள்ளும் விசிறியை வலஞ்சுழி விசிறி என்போம். பின்னோக்கிய கியரில் அது இடமாகச் சுழலும். அப்போது வலப்பக்கத்து நீர் மேல்நோக்கி எறியப்பட்டு, படகின் அடிப்பகுதியில் வலப்புறமாக மோதுகிறது. இடப்பக்கத்து நீரோ கீழே போய்விடுகிறது. தண்டு சாய்வாக அமைந்திருப்பதும் இதற்குத் துணை செய்கிறது. விளைவு, பின்பகுதி இடப்புறம் இழுபடும். தேர்ந்த ஓட்டுநர் இக்குறையையே கருவியாக்கிக்கொள்வார். படகின் இடப்பக்கம் துறையில் அணையுமாறு சற்றுச் சாய்வாக வந்து, பின்னோக்கிய கியரைப் போடுவார். வேகமும் அடங்கும், பின்பகுதியும் தானே துறையோடு ஒட்டும். வலப்பக்கம் அணைய வேண்டுமானால் அதே விசை அவருக்கு எதிரியாகும்.

இரு விசிறிகள் உள்ள படகில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டி, நின்ற இடத்திலேயே திரும்பலாம். காற்றின் தொல்லை தனி. அணியம் உயர்ந்தும், நீரில் குறைவாக அமிழ்ந்தும் இருப்பதால், மெதுவாகச் செல்லும்போது காற்று அதைத்தான் முதலில் தள்ளும்.

ஆற்றிலே ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்றும், சுக்கானுக்கும் அதே அளவு நீரோட்டம் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். அணியத்தை ஓட்டத்துக்கு எதிராக நிறுத்தினால், படகு கரையைப் பொறுத்து அசையாமல் நிற்கும்போதே சுக்கான் வேலை செய்யும். ஓட்டத்தோடு வந்தாலோ கரையைப் பொறுத்து வேகம் 2 மீட்டர். 5 டன் படகு அந்த வேகத்தில் துறையில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் 10,000 ஜூல். அரை டன் பாறையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்கு இது சமம். இடையில் ஒருவர் கையையோ காலையோ நீட்டித் தடுக்க முயன்றால் என்னாகும்? எனவே எந்தக் கரையாயினும் ஓட்டத்தை எதிர்த்தே அணைவது வழக்கம்.

மேட்டூரிலிருந்து மிகுதியான நீர் திறக்கப்படும்போது இந்தக் கணக்கும் உதவாது. அப்போது கரையருகே வெறுமனே நிற்பதற்கே எஞ்சின் தன் வலிமையில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருக்கும். எஞ்சின் ஒரு கணம் திணறினாலும் படகு கதவணையை நோக்கி அடித்துச் செல்லப்படும். அத்தகைய நாட்களில் பூலாம்பட்டிப் படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடுகின்றன. மக்கள் சுற்றுவழியில் பஸ் ஏறுகிறார்கள்.