பந்தலுக்குக் கீழே பச்சை வெளிச்சம்

பறவைகள், மல்யுத்தம், மலைகள், திராட்சை. கேமராக்காரனுக்கு நாசிக் மாவட்டம் ஒரு விருந்து. ஆனால் விருந்து வைப்பவர்களின் நிலைமை வேறு.

டிசம்பர் மாத இரவுகளில் நிபாட் தாலுகா விவசாயிகள் குளிருக்குப் பயந்து போர்வைக்குள் முடங்கிவிட முடியாது. குளிர் எல்லை மீறினால் கொடியிலேயே திராட்சை வெடித்துவிடும். அதனால் பந்தல்களுக்கு இடையே சருகையும் கட்டையையும் குவித்து மூட்டம் போடுகிறார்கள். தலையோடு கம்பளி சுற்றிய உருவங்கள் புகைக்குள் தோன்றி மறைகின்றன. 2018 டிசம்பரில் இங்கே வெப்பநிலை 2 டிகிரிக்கும் கீழே இறங்கியது. அலைந்து திரிந்து படம் எடுப்பவனுக்கு இதைவிட நல்ல காட்சி அமையாது. சங்கடமும் அதுதான். எனக்குப் படம் நன்றாக வரவேண்டும் என்றால் அவர்களுக்குக் குளிர் கடுமையாக இருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தைப் படம் எடுக்க எளிய வழி, கோதாவரியைப் பின்தொடர்வது. நாசிக்கிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் திரியம்பகேஸ்வர். அங்கே பிரம்மகிரியில் ஆறு பிறக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் லென்ஸைத் துடைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். அருகிலுள்ள அஞ்சனேரி மலையின் செங்குத்துப் பாறைகளில் கழுகுகள் கூடு வைக்கின்றன. பாறையிடுக்கில் அவை விட்ட வெள்ளைக் கறைதான் அடையாளம். மேற்கே இகத்புரியில் மழை கொட்டித் தீர்க்கும். கிழக்கே சாந்த்வட், யேவ்லா பக்கம் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். காரில் இரண்டு மணி நேரத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

நிபாட் தாலுகாவில் கட்வா நதி கோதாவரியுடன் சேரும் இடத்தில் நாந்தூர் மத்மேஷ்வர் அணை. ஆங்கிலேயர் காலத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. வண்டல் சேர்ந்து மேடும் பள்ளமுமாகி, எஞ்சினியர்கள் நினைத்தே பார்த்திராத வகையில் பறவைகளுக்கு வீடாகிவிட்டது. 1986ல் சரணாலயம் ஆனது. 2020ல் மகாராஷ்டிராவின் முதல் ராம்சர் தலம். ஜனவரியில் சாபட்கான் கிராமத்துப் பார்வைக் கோபுரத்தில் விடியுமுன் உட்கார்ந்தால், முதலில் சத்தம்தான் வரும். வெளிச்சம் பரவியதும் ஊசிவால் வாத்துகள், கரண்டிவாயன்கள், அரிவாள் மூக்கன்கள், தாமரை இலை மேல் நடக்கும் நீலத் தாழைக்கோழிகள். திடீரென்று மொத்த ஏரியும் எழுந்து பறந்தால் மேலே சேற்றுப் பூனைப்பருந்து வந்துவிட்டது என்று அர்த்தம். 500 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்தக் கணத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள். அது வரும்போது பாதிப்பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தப் பாதியில் பலமுறை இருந்திருக்கிறேன்.

சிறுத்தை விஷயம் வேறு. கரும்புத் தோட்டங்கள் பரவியதும் காடு என்று தேடிப் போகவேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் போயிற்று. கரும்புக்குள்ளேயே குட்டி போடுகிறது, ஊர் நாய்களைத் தின்று வளர்கிறது. அப்போது அகமத்நகர் என்று பெயர் கொண்டிருந்த பக்கத்து மாவட்டத்தில் சிறுத்தைகளை ஆராய்ந்தவர் வித்யா ஆத்ரேயா. அங்கே டாக்ளி டோகேஷ்வரில் 2009ல் கிணற்றில் விழுந்த ஒரு கிழச் சிறுத்தைக்கு ரேடியோ பட்டை மாட்டி மால்ஷேஜ் மலைப்பகுதியில் விட்டார்கள். அது ரயில்பாதை, நெடுஞ்சாலை எல்லாம் கடந்து சுமார் 120 கி.மீ. நடந்து மும்பைக்கே போய்விட்டது. 'ஆஜோபா', அதாவது தாத்தா, என்று பெயரிட்டார்கள். 2011ல் சாலையில் வாகனம் மோதி இறந்தது. நான் கிணற்று மீட்பு ஒன்றைப் படம் எடுக்கப் போனபோது, கயிற்றுக் கட்டிலை உள்ளே இறக்கியிருந்தார்கள். சிறுத்தை அதன் மேல் ஏறி நடுங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நானூறு பேர், அத்தனை கையிலும் செல்போன். எனக்குக் கிடைத்த நல்ல படம் கூட்டத்தின் படம்தான்.

கோடையில் ஊர்த் திருவிழாக்கள். மாலையில் மல்யுத்தம். மஞ்சள், மோர், எண்ணெய் கலந்து பதப்படுத்திய செம்மண் களத்தில் ஹல்கி மேளம் அதிர, முதலில் பொடியன்கள் சில்லறைப் பரிசுக்கு மோதுவார்கள். இருட்ட இருட்டப் பரிசுத்தொகையும் உடம்பும் பெரிதாகும். தூக்கி எறியும் கணத்தைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ அதற்கு முந்தைய அரை நிமிடம், இரண்டு நெற்றியும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்குமே, அதுதான் விளையாட்டு. இந்த மாவட்டத்துக்கு விளையாட்டுப் பெருமை குறைவில்லை. ஆதிவாசி கிராமமான சாவர்பாடாவின் கவிதா ராவுத் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். வறண்ட சாந்த்வட் தாலுகாவின் தத்து போகனல் கிணறு வெட்டும் வேலை செய்தவர். ராணுவத்தில் சேர்ந்து படகு வலிக்கக் கற்று, 2016ல் ரியோ ஒலிம்பிக்ஸ் போனார்.

ஆனாலும் நாசிக் என்றால் திராட்சைதான். வெளியூர்க்காரர்கள் ஒயின் தோட்டங்களை நினைக்கிறார்கள். ராஜீவ் சாமந்த் 1999ல் தொடங்கிய சூலா கங்காபூர் அணைக்கரையை உல்லாசத் தலமாக்கிவிட்டது. வேலி போல் வரிசையாக நிற்கும் கொடிகள், பின்னால் தண்ணீர், அந்தி வெயில். யார் எடுத்தாலும் படம் வரும். உண்மையில் இங்கே விளைவதில் பெரும்பகுதி சாப்பிடும் திராட்சை. அது வளர்வது தலைக்கு மேல் பரப்பிய கம்பிப் பந்தலில். உள்ளே நுழைந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும், முகங்கள் பாசி படிந்தது போல் பச்சையாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் உயிர் போய்விடும். பந்தல் முடியும் ஓரத்தில் காத்திருப்பதே வழி.

அந்தப் பச்சை இருட்டில்தான் வாழ்க்கை நடக்கிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. பேட், சுர்கானா மலைகளிலிருந்து ஆதிவாசிக் குடும்பங்கள் ஏக்கர் கணக்கில் கூலி பேசிக்கொண்டு வந்து இறங்குகின்றன. கொத்துகளை ஒவ்வொன்றாக ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள், கத்தரியால் மணிகளைக் கலைக்கிறார்கள், ஏற்றுமதிக் கொத்துகளுக்குக் காகிதம் சுற்றுகிறார்கள். பழைய செய்தித்தாளுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மருந்து அடிக்கும்போது மட்டும் கேமராவை எடுத்தால் முகம் மாறும். 2010ல் வளர்ச்சி மருந்தின் எச்சம் இருந்ததாக ஐரோப்பா இந்தியத் திராட்சையைத் தடுத்ததை யாரும் மறக்கவில்லை.

2023 நவம்பர் 26ந்தேதி நிபாட் பகுதியில் ஆலங்கட்டி மழை. மறுநாள் போனேன். கொடிகளின் தோல் உரிந்திருந்தது, இலைகள் கிழிந்து தொங்கின, ஒரு பந்தல் கம்பியோடு சரிந்து கிடந்தது. உருகாத பனிக்கட்டி வரப்பில் மின்னியது. மண்டியிட்டு, சரிந்த கம்பிக்கும் வானத்துக்கும் நடுவே கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது தோட்டக்காரர் தோளைத் தொட்டார். "பாவு, அழகாக வேண்டாம். தெளிவாக எடுங்கள். தேதி தெரிய வேண்டும், வரிசை எண் தெரிய வேண்டும்." பஞ்சநாமாவுக்கு அதிகாரிகள் வருமுன் அவருக்கு ஆதாரம் வேண்டும், அவர் செல்போன் மழையில் செத்துவிட்டது. மகள் சிலேட்டில் எண் எழுதிப் பிடித்துக்கொள்ள, வரிசை வரிசையாக 64 படங்கள் எடுத்தேன். நிழல், கோணம் எதுவும் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சலிப்பான படங்களை நான் எடுத்ததில்லை. அவ்வளவு கவனமாகவும் எடுத்ததில்லை.

பிப்ரவரியில் மறுபடியும் போனேன். பந்தலில் பாதியை வெட்டிவிட்டு வெங்காயம் நட்டிருந்தார். நிவாரணம் வந்ததா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டீ ஊற்றினார். பிறகு, அந்தப் படங்களை இன்னொரு பிரதி போட்டுத் தர முடியுமா என்றார். முதல் பிரதி எந்த மேஜையில் இருக்கிறதென்று தெரியவில்லையாம்.