எண்ணெய் குடித்த மண்

ஜெனரேட்டருக்கு ஊற்றும்போது ஒரு வாளி டீசல் புல்தரையில் கொட்டிவிட்டால், தில்லி பங்களாவாசி உடனே குழாயைத் திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறார். முதல் தவறு அதுதான். தண்ணீரில் மிதக்கும் டீசல் பரவுகிறது. அரை சதுர மீட்டரோடு போயிருக்க வேண்டிய சேதம் நாலு மடங்காகிறது. மணலையோ மரத்தூளையோ தூவி உறிஞ்சவிட்டு, அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, சுமார் 15 செ.மீ. ஆழத்துக்கு மேல்மண்ணை வெட்டியெடுத்துப் புதுமண் நிரப்புவதுதான் அனுபவமுள்ள தோட்டக்காரரின் வழி. அந்த மண்ணில் நாலு வெந்தயத்தைத் தூவிப் பார்ப்பார். அவை முளைத்துப் பச்சையாக நின்றால்தான் அருகம்புல் நடுவார்.

பெட்ரோல் கொட்டினால் கவலை சற்றுக் குறைவு. புல்லை உடனே கருக்கினாலும் விரைவில் ஆவியாகிவிடும். டீசலும் கச்சா எண்ணெயும் அப்படியல்ல. மண் துகள்களின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, தண்ணீரையும் காற்றையும் வேருக்குப் போகவிடாமல் தடுக்கின்றன.

பங்களாவுக்கு இந்த வைத்தியம் போதும். மேல் அஸ்ஸாமின் நெல் விவசாயிக்கு? 1889ல் திக்பாயில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பூமி அது. வயல்களுக்கு நடுவே கிணறுகளும் குழாய்களும். ஒரு குழாய் கசிந்தால், மழைக்கால வெள்ளம் எண்ணெயை வரப்பு தாண்டி அடுத்தவர் வயலுக்கும் கொண்டுபோகிறது. ஒரு வயலின் மேல்மண் முழுவதையும் வெட்டியெடுத்து எங்கே கொட்டுவது? அதுவும், விளைச்சல் தருவதே அந்த மேல்மண்தான் எனும்போது?

விடை மண்ணுக்குள்ளேயே இருந்தது. எண்ணெய் படிந்த இடங்களில், அதையே உணவாக்கிக்கொண்டு பிழைத்திருக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, ‘ஆயில்சாப்பர்’ என்ற கலவையை உருவாக்கியது தில்லியின் டெரி நிறுவனம். அரைத்த மக்காச்சோளச் சக்கையில் கலந்து பாலித்தீன் பைகளில் வரும் இது, மதுரா சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்க் கசடு முதல் 2010ல் மும்பை அருகே இரு கப்பல்கள் மோதியதில் கரை ஒதுங்கிய எண்ணெய் வரை பலவற்றிலும் பயன்படுத்தப்பட்டது. 2017ல் எண்ணூரில் வாளி வாளியாக அள்ளிய எண்ணெய்ச் சேற்றைப் பக்குவப்படுத்தியதும் பாக்டீரியாக்களே. அவை இந்தியன் ஆயிலின் ஆய்வுப் பிரிவு தந்தவை.

ஆனால் பையைப் பிரித்துத் தூவினால் வேலை முடிந்துவிடுவதில்லை. எண்ணெயில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் சொற்பம். பாக்டீரியா பெருகும்போது மண்ணிலிருக்கும் கொஞ்சநஞ்ச நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளடித்துப் போகும். எனவே யூரியாவும் பாஸ்பேட்டும் போட வேண்டும். அடிக்கடி உழுது காற்றைப் புகவிட வேண்டும். ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது.

இங்கேதான் சிக்கல். நெல்வயல் என்றாலே தேங்கிய தண்ணீர்தான். அஸ்ஸாமின் ‘சாலி’ நெல் நவம்பர், டிசம்பரில் அறுவடையாகிறது. அடுத்த நடவு ஜூன், ஜூலையில். வேலை நடக்கக்கூடியது இடைப்பட்ட வறண்ட மாதங்களில் மட்டுமே. அளவெடுப்பு, மனு, நஷ்டஈட்டுப் பேரம் என்று காகிதங்கள் மேசை மாறுவதற்குள் வானம் கறுத்துவிட்டால், இன்னொரு வருஷம் போச்சு.

பெரிய விபத்தில் கணக்கே வேறு. 2020 மே 27ல் தின்சுகியா மாவட்டம் பாக்ஜானில் ஆயில் இந்தியாவின் 5ம் எண் கிணறு பீறிட்டது. ஜூன் 9ல் தீப்பிடித்தது. அணைந்தது நவம்பர் 15ல்தான். இடைப்பட்ட காலத்தில் தேயிலைத் தோட்டங்கள் மீதும், மாகுரி-மோட்டாபுங் சதுப்புநிலத்தின் புல்வெளிகள் மீதும் எண்ணெய்த் துளிகள் படிந்தன. சதுப்பில் ஏர் ஓட்ட முடியாது, மண்ணை உலர்த்தவும் முடியாது. அங்கே மீனையும் புல்லையும் நம்பியிருந்தவர்களுக்கு, வெந்தயம் தூவிச் சோதித்துப் பார்க்கும் வசதிகூட இல்லை.