புதைத்து வளர்க்கும் திராட்சை

கோடை வந்தால் ஸ்காபரோத் தமிழ்க் குடும்பங்கள் இறைச்சியும் அடுப்புமாகச் சாண்ட்பேங்க்ஸ் மணற்கரைக்குக் கிளம்பிவிடும். அந்தக் கரை உள்ள பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, டொரொண்டோவுக்குக் கிழக்கே ஒன்ராறியோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். அங்கே நல்ல வைன் வருகிறது என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்க நியாயமும் உண்டு. கழித்தல் 20 பாகையைத் தாண்டினால் வெள்ளை வைனுக்கான சார்டனே திராட்சைக் கொடியின் மொட்டுகள் சாகத் தொடங்கும். இங்கே சில தை மாத இரவுகள் அதற்கும் கீழே இறங்கும்.

அதனால் கொடியைப் புதைக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் இளங்கிளைகளை வளைத்து, நிலத்தை ஒட்டி ஓடும் கம்பியில் கட்டுவார்கள். பின்னால் வரும் டிராக்டர் இருபுறமும் மண்ணைப் புரட்டி அணைத்துவிடும். அதன்மேல் பனி விழுந்தால் இன்னும் நல்லது, அதுவும் போர்வைதான். வசந்தத்தில் மண்ணை விலக்குவதுதான் நெஞ்சிடி தரும் வேலை. அதற்குள் மொட்டுகள் ஊதியிருக்கும், கை பட்டாலே உதிரும். சீக்கிரம் திறந்தால் பிந்தி வரும் உறைபனி தின்றுவிடும். இந்தக் கூலியெல்லாம் சேர்த்துத்தான் போத்தல் விலை. "இஞ்சருங்கோ, உந்தக் காசுக்கு நல்ல றால் வாங்கலாமே" என்பார் என் மனைவி.

இவ்வளவு பாடு எதற்கு? மெல்லிய களிமண்ணுக்கு அடியில் வெடிப்போடிய சுண்ணாம்புக்கல். சார்டனேயின் தாய்வீடான பிரான்சின் பர்கண்டியிலும் சுண்ணாம்பு நிலம்தான். குளிரில் பழம் மெதுவாகப் பழுப்பதால் சர்க்கரை அளவோடு ஏறும், புளிப்பு கரையாமல் நிற்கும். வெயில் நாட்டுச் சார்டனே பெரும்பாலும் அன்னாசியும் வெண்ணெயுமாகக் கொழுத்து நிற்கும். கவுண்டிச் சார்டனேயோ பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில் நாக்கோரத்தில் லேசான உப்பு. எனக்கு இதுதான் பிடிக்கும்.

வைன் திராட்சை இங்கே பழைய தொழில் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் அமெரிக்க பியர் ஆலைகளுக்கு வாற்கோதுமை விற்றுப் பிழைத்தது. 1890இல் அமெரிக்கா போட்ட மக்கின்லி வரி அதை முடித்தது. பிறகு தக்காளி, பட்டாணி அடைத்த டின்கள். அந்த ஆலைகளும் மூடிய பின், 1990களின் இறுதியில் சிலர் துணிந்து வைன் திராட்சை நட்டார்கள். 2007இல் ஒன்ராறியோவின் தனி வைன் பகுதியாக அங்கீகாரம் கிடைத்தது.

இந்தச் சார்டனேயை வாங்கினால் ஐஸ் போல் குளிரவைக்க வேண்டாம், வாசனை அடங்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வையுங்கள். பொரித்த மீனுக்கும் றாலுக்கும் பொருந்தும். நண்டுக் குழம்போடு மட்டும் வேண்டாம், நம்முடைய தூள் அதை விழுங்கிவிடும்.